அடைப்புக்குறிக்குள் இருந்தவர்கள்

ஆடிட்டரின் அறிக்கையில் கடைசிக் குறை ஒரே வாக்கியம்தான். இயந்திரக் கட்டளைக் கோப்புகளில் அங்கீகரிக்கப்படாத நபர்களின் பெயர்கள் காணப்படுகின்றன, அவை நீக்கப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த நபர்கள் முருகன், ஆஞ்சநேயர், மாதா, ஜெகந்நாதர் போன்றவர்கள் என்பது ஆடிட்டருக்குத் தெரியாது. வால்வு வாங்குகிறவர்களின் சார்பில் ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து வந்துபோகிறவர் அவர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலை, பெரிய குழாய்களுக்கான வால்வுகளைக் கடைந்து கப்பலில் அனுப்பியது. கடைசல் இயந்திரங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு ஓடுபவை. ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ப்ரோக்ராம் உண்டு. அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. வரிக்கு ஒரு கட்டளை: இங்கே போ, இவ்வளவு வேகத்தில் போ, நில். இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவே என்ன எழுதினாலும் இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அது மனிதர்களுக்கான இடம். வெட்டும் டூல் எது, அது எந்த வேலைக்கு என்று குறித்து வைப்பதற்காக விடப்பட்டது. மனிதர்கள் அதில் சாமிகளைக் குடிவைத்திருந்தார்கள்.

போன முறை வந்தபோது ஆடிட்டர் மூன்றாம் நம்பர் இயந்திரத்தின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையின் நடுவில் இங்கிலீஷ் பெரிய எழுத்துகளில் ஆஞ்சநேயா என்று ஒரு வரி வந்து நின்றது. ஆடிட்டர் அதன் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.  ஆடிட்டர் விரலை எடுத்ததும், இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த தணிகைவேல் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடிட்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

உற்பத்தி மேலாளர் வீரராகவன் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ப்ரோக்ராம் அறைக்கு வந்தார். ஷெட்டின் ஒரு மூலையில் கண்ணாடி போட்டுத் தடுத்த அறை. ஒரு கம்ப்யூட்டரும், கம்ப்யூட்டருக்காக ஒரு ஏசியும், இரண்டையும் பார்த்துக்கொள்ள பூமிகாவும் இருந்தார்கள். பூமிகா பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வருவாள். அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மஞ்சள் நாடா.

மஞ்சள் நாடா என்றால் ஒப்பந்தம். நீல நாடா என்றால் கம்பெனி ஆள். மீஞ்சூருக்குக் கம்பெனி பஸ் ஒன்று வந்தது. அதில் நீல நாடாக்காரர்கள்தான் ஏறலாம். மழை நாட்களில் அந்த பஸ் பாதி காலியாக அவளைத் தாண்டிப் போகும். அவளுடைய அப்பா அத்திப்பட்டுப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தக்காரர்கள் மாறுவார்கள், நாடாவின் நிறமும் மாறும், அப்பா மாறவே மாட்டார். பூமிகாவின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

"இன்னாம்மா, இத பாத்தியா?" என்றார் வீரராகவன்.

"பாத்தேன் சார்."

"ஃபைலு ஆயிரத்துக்கு மேல இருக்கும். எத்தினி நாள் ஆவும்?"

"ஒண்ணொண்ணா தொறந்து பாத்தா தீவாளி வந்துரும் சார்."

"ஆடிட்டரு அடுத்த புதன்கெழம வராரு."

"எடிட்டர்ல தேடி மாத்தறதுல போட்டா ஒரே நாள்ல முடிச்சிரலாம் சார். இன்னா தேடணும்னு தெரியணும், அவ்ளோதான்."

வீரராகவன் ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப்போட்டு சாமி பெயர்களை எழுத ஆரம்பித்தார். பொன்னேரிப் பக்கம் நெல் நிலம் வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. எனவே ஏரிக்கரைச் சாமிகளிலிருந்து தொடங்கினார். தாளின் முன்பக்கம் நிறைந்தது. திருப்பினார். பின்பக்கத்தின் நடுவில் பேனாவை நிறுத்தினார்.

"கிறிஸ்டின்ல சாமிங்க எத்தினிம்மா?"

"அது அஞ்சாம் நம்பர் ஜோஷ்வாவதான் கேக்கணும் சார். ஆனா பேர வச்சி தேடுனா வேலைக்காவாது. முருகாங்கறத ஒருத்தர் ஒரு மாதிரி எழுதிக்கிறாரு, இன்னொருத்தர் இன்னொரு மாதிரி. எழுதாத சாமிய தேடிக்கினு இருப்போம், எழுதுன சாமி தப்பிச்சிரும். வடிவத்த வச்சி தேடணும் சார்."

"சாமிக்கு இன்னாம்மா வடிவம்?"

"தொறக்கற அடைப்புக்குறி சார். உள்ள ஏதோ ஒண்ணு. அப்புறம் மூடற அடைப்புக்குறி."

வீரராகவன் இதைப் பற்றிச் சிறிது நேரம் யோசித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை.

"இந்தக் குறைய க்ளோஸ் பண்ணிக் குடு. எச்.ஆர்.ல நான் பேசறேன்" என்று அவளுடைய மஞ்சள் நாடாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பூமிகா முதலில் எல்லாக் கோப்புகளையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைத்தாள். பிறகு எடிட்டரின் தேடல் பெட்டியில் தன்னுடைய வடிவத்தை எழுதினாள்: திறக்கும் குறி, நடுவில் எது வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும், மூடும் குறி. எடிட்டர் உடனே தேடிக் கொடுத்தது. கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தது. ஒரே வரியில் தொடக்கத்தில் ஒரு டூலின் பெயரும் கடைசியில் மாதாவும் இருந்தால், அது அந்த வரியின் முதல் குறியில் பிடித்துக் கடைசிக் குறியில்தான் விட்டது. நடுவில் இருந்த கட்டளையும் சேர்ந்து போனது. எது வேண்டுமானாலும் என்று சொன்னால் எடிட்டர் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இலை காலியாகும் வரை எழுந்திருக்காது. பூமிகா செய்ததை ரத்து செய்துவிட்டுத் திருத்தி எழுதினாள்: திறக்கும் குறி, மூடும் குறியைத் தவிர வேறு எதுவும், பிறகு மூடும் குறி. தவிர என்ற ஒரு சொல் சேர்ந்ததும் எடிட்டருக்கு அடக்கம் வந்துவிட்டது. முதல் மூடும் குறியைக் கண்டதும் நின்றது.

அடுத்தது, டூல்களின் பெயர்கள் போய்விடக் கூடாது. தொழிற்சாலை விதிப்படி டூல் குறிப்புகள் எல்லாம் டி என்ற எழுத்தும் ஒரு எண்ணுமாகத் தொடங்கும். எனவே அப்படித் தொடங்காத குறிப்புகளை மட்டும் கொடு என்று கேட்டாள். திரையின் கீழ்ப்பாதியில் சாமிகள் வரிசையாக வந்து இறங்கினார்கள். முருகன், முருகன், ஆஞ்சநேயர், மாதா, அங்காளம்மன், முருகன், ஜெகந்நாதர், பஜ்ரங்பலி, மாதா. எந்த முன்னுரிமையும் இல்லாமல், கோப்பு எண் வரிசைப்படி நின்றார்கள்.

சாயங்காலம் வந்து பார்த்த வீரராகவன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குக் குனிந்தார்.

"கிறிஸ்டினா. இது எந்த ஊரு மாதா?"

"மாதா இல்ல சார். இன்ஸ்பெக்‌ஷன்ல கீறாங்க."

கண்ணாடிக்கு வெளியே, கிறிஸ்டினா ஒரு வால்வுக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நம்பர் இயந்திரத்தில் ஜோஷ்வா, எந்தத் தேவையும் இல்லாமல், சுவரைப் பார்த்து நின்றான்.

"அதையும் எடுத்துரு" என்றார் வீரராகவன். "அங்கீகாரம் இல்லாத பேருதான அதுவும்."

பூமிகா எல்லாவற்றையும் மாற்று என்பதை அழுத்தினாள். கொண்டுவந்த டீயில் ஆடை படிவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை சாமிகள் ஒரே நேரத்தில் ஒரு இடத்தைக் காலி செய்தால் ஏதாவது சத்தம் கேட்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை புதிய ப்ரோக்ராம்கள் இயந்திரங்களுக்குப் போயின. மதியத்துக்குள் உற்பத்தி படுத்துவிட்டது. எந்த இயந்திரமும் நிற்கவில்லை. ஆனால் எல்லோரும் ப்ரோக்ராமை வரி வரியாக ஓட்டினார்கள். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் இயந்திரம் ஒரு கட்டளையைச் செய்துவிட்டு நிற்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த கட்டளைக்குப் போகும். புது ப்ரோக்ராமைச் சோதிப்பதற்கான வழி அது. வருடக்கணக்காக ஓடும் ப்ரோக்ராமை யாரும் அப்படி ஓட்டுவதில்லை.

பூமிகா மூன்றாம் நம்பருக்குப் போனாள். தணிகைவேல் எளாவூர்க்காரர். நெற்றியில் விபூதியும் காதில் மெஷின் சத்தத்துக்கான பஞ்சுமாக, பச்சைப் பொத்தானை ஒரு முறை அழுத்தினார்.

"இன்னாண்ணா, ஒரு ஜாப்புக்கு அர நாள் ஆக்கறீங்க?"

"வரி வரியா ஓட்டறேம்மா."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"நீதான் சாமிய எடுத்துட்டியே. எங்க கும்புடறதுன்னு தெரியல." இன்னொரு முறை அழுத்தினார். "அதான் எல்லா வரிக்கும் கும்பிட்டுக்கினு கீறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. நேரம் கேட்டதற்கு நேரம் சொல்வது போலச் சொன்னார்.

ஐந்தாம் நம்பரில் ஜோஷ்வாவும் அழுத்திக்கொண்டிருந்தான்.

"நீயுமாடா? உன்னுதுல சாமியே இல்லியே."

"நான் எங்க கும்புட்டேன்? அங்க ஒரு பேரு இருந்துது. பாத்தா கை தன்னால நிதானமாவும்."

"கிறிஸ்டினாவா?"

"பேர சொல்லாத பூமிகா. அது அங்கீகாரம் இல்லாத பேராம்."

ஏழாம் நம்பரில் ஒடிசாவிலிருந்து வந்த பிஜய் இருந்தான். அவன் விளக்கம் சுருக்கமானது. "ஜெகந்நாத் இல்லே. ஸ்பீட் இல்லே."

துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி கேட்டில் நின்றது. டிரைவர் இறங்கி லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துவிட்டார். வீரராகவன் ப்ரோக்ராம் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஸ்ட்ரைக்காம்மா இது?"

"இல்ல சார். யாரும் நிறுத்தல. எல்லாரும் ஓட்டறாங்க."

"அதான்மா பேஜாரே. நிறுத்துனா ஒரு லெட்டர் குடுக்கலாம். ஒழுங்கா ஓட்டறவனுக்கு இன்னா லெட்டர் குடுக்கறது?" கண்ணாடி வழியாக லாரியின் அடியில் தெரிந்த இரண்டு பாதங்களைப் பார்த்தார். "பழசயே திருப்பிப் போடு. புதன்கெழம காலைல சாமிங்களுக்கு லீவு குடுத்துக்கலாம். ஆடிட்டரு போன ஒடனே திரும்ப வந்துரட்டும்."

"அவரு அடுத்த வருசமும் வருவாரு சார். இது க்ளோஸ் ஆவாது."

க்ளோஸ் ஆகாவிட்டால் எச்.ஆரில் பேச ஒன்றும் இருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

நகலில் இருந்த பழைய ப்ரோக்ராம்கள் திரும்பிப் போயின. பூமிகா தணிகைவேலின் பக்கத்தில் போய் நின்றாள். அறைக்குப் போனால் மாதக் கடைசியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

தணிகைவேல் கடைய வேண்டிய ஜாப்பை மாட்டினார், பொத்தானை அழுத்தினார். ப்ரோக்ராமின் முதல் வரியிலேயே ஓம் முருகா என்று இருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை; துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். சாமிகள் இல்லாதபோதும் அந்த முதல் வரி முருகனை யாரும் தேடவில்லை என்பது பூமிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை ஓடியது. நடுவில், ஆஞ்சநேயா என்ற வரி திரையில் ஏறியது. தணிகைவேலின் உதடு அசைந்தது. இடது கை தானாகப் போய் வேகத்தைக் குறைக்கும் திருகைப் பிடித்துப் பாதிக்குத் திருப்பியது. உள்ளே, நீளமான டூல் ஒன்று ஜாப்பைக் கவ்விப் பிடித்துச் சுழலும் சக்கின் தாடைகளுக்கு விரற்கடை தூரத்தில் மெல்ல நுழைந்தது. பிறகு கை திருகைப் பழையபடி வைத்தது. தணிகைவேல் மீண்டும் துணியை எடுத்துக்கொண்டார்.

"ண்ணா, ஏன் இந்த எடத்துல மட்டும்?"

"எனக்கு முன்ன ஓட்டுன ஆளு வச்ச சாமிம்மா. எனக்கு இன்னா தெரியும்? இருந்தா கும்புடுவேன்."

ஏழாம் நம்பரில் பிஜயின் கை ஜெகந்நாதரிடம் திருகுக்குப் போனது. ஐந்தாம் நம்பரில் ஜோஷ்வாவின் கை கிறிஸ்டினாவிடம் போனது.

பூமிகா அறைக்குத் திரும்பி, தேடல் வடிவத்தை ஒரு வரி நீட்டினாள்: சாமி இருக்கும் வரி, அதன் கூடவே அதற்கு அடுத்த வரி. முதல் வரிச் சாமிகளை விட்டுவிடச் சொன்னாள். பட்டியல் வந்தது. ஒவ்வொரு சாமியின் கீழும் ஒரே கட்டளை இருந்தது: முழு வேகத்தில் போ. அந்தக் கட்டளை மற்ற இடங்களிலும் நிறைய இருந்தது. சாமி இல்லாத இடங்களில் அதைத் தேடிப் பார்த்தாள். அங்கெல்லாம் டூல் வெட்டவெளியில் பறந்தது. இடிக்க எதுவும் இல்லை. சக்குக்குப் பக்கத்தில் முழு வேகத்தில் பாயும் இடம் எதுவோ, அங்கே மட்டும் யாரோ ஒருவர் என்றைக்கோ அலறியிருக்கிறார். அலறியதை அப்படியே அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்துவிட்டு, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் அதைக் கும்பிட்டிருக்கிறார்.

சந்தேகம் தீர, டீ நேரத்தில் ஜோஷ்வாவைக் கேட்டாள்.

"ஆமா, ஒருவாட்டி இடிக்கப் பாத்துது. நான் வந்த புதுசுல" என்றான் அவன். "இயேசுவேன்னு வந்துருக்கணும். அம்மான்னாவது வந்துருக்கணும். வாயில வந்தது அதான். நான் இன்னா பண்ண?"

"கிறிஸ்டினாவுக்கு தெரியுமா?"

"அந்த மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உங்க கம்ப்யூட்டருக்கு."

வீரராகவனிடம் பட்டியலைக் காட்டினாள். அவர் சக்கையும் டூலையும் ஒரு தாளில் வரைந்து பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"அப்ப எடுக்கக் கூடாதுங்கறியா?"

"எடுக்கலாம் சார். அந்த எடத்துல வேற ஏதாவது நிக்கணும்."

"எச்சரிக்கை, மெதுவாகச் செல்லவும்னு போடு. அத யாரும் தப்பு சொல்ல முடியாது."

திங்கட்கிழமை எல்லாச் சாமிகளின் இடத்திலும் எச்சரிக்கை நின்றது. ஆபரேட்டர்கள் யாரும் வரி வரியாக ஓட்டவில்லை. ஆனால் திருகின் பக்கமும் யாருடைய கையும் போகவில்லை. மதியம் ஏழாம் நம்பரில் டூல் தாடையை உரசி, தீப்பொறி பறந்து, முனை உடைந்தது. பிஜய் அவசரப் பொத்தானை அடித்துக்கொண்டே "ஜெகந்நாத்" என்று கத்தினான்.

"இவ்ளோ பெருசா எச்சரிக்கைன்னு வருதே, பாக்கலியா?" என்று வீரராகவன் எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்.

"சார், செவுரு ஃபுல்லா அதான எழுதிக்கீது" என்றார் தணிகைவேல். "டாய்லெட்ல கூட எழுதிக்கீது. யாரு சார் பாக்கறா?"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை பூமிகா ரயிலில் நின்றுகொண்டே யோசித்தாள். பொன்னேரி தாண்டி கவரைப்பேட்டை வருவதற்குள் வழி தெரிந்துவிட்டது. பழைய நகலில் தேடிக் கிடைத்ததை முழுவதும் தூக்கிப்போட வேண்டும் என்பதில்லை. கிடைத்ததில் ஒரு துண்டை மட்டும் கையில் பிடித்துக்கொள் என்று எடிட்டரிடம் சொல்லலாம். பிடித்த துண்டை அது புதிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். முன்னால் ஓம் இருந்தாலும் சரி, ஸ்ரீ இருந்தாலும் சரி, இரண்டும் இல்லாவிட்டாலும் சரி, அதைத் தாண்டி, சாமியின் முதல் இங்கிலீஷ் எழுத்தைப் பிடித்துக்கொள், மற்றதை விடு. எழுத்துக்கு முன்னால் கிரிட்டிக்கல் பாயின்ட் என்பதன் சுருக்கமாக சி.பி. என்று சேர்.

முதல் வரிச் சாமிகள் மட்டும் இடம் இழந்தார்கள். ஆஞ்சநேயர் சி.பி.–ஏ ஆனார். முருகனும் மாதாவும் சி.பி.–எம் ஆனார்கள். அதைப் பற்றி இரு தரப்பிலிருந்தும் ஆட்சேபம் வரவில்லை.

தணிகைவேல் திரையை உற்றுப் பார்த்தார். "ஏ–ன்னா இன்னாம்மா?"

"உங்களுக்கு இன்னா தோணுதுண்ணா?"

"ஆஞ்சநேயரு."

"அப்ப அதான்."

உதடு அசைந்தது. கை திருகுக்குப் போனது.

புதன்கிழமை ஆடிட்டர் வந்தார். இளநீர் குடித்தார். நேராக மூன்றாம் நம்பருக்கு நடந்தார். திரையில் சி.பி.–ஏ வந்ததையும், தணிகைவேலின் கை திருகுக்குப் போனதையும், டூல் மெல்ல நுழைந்ததையும் பார்த்தார். ஐந்தாம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் அதையே பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

"மிக நல்ல முறை. இந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

வீரராகவன் பூமிகாவைப் பார்த்தார். பூமிகா ரயிலில் இதை யோசிக்கவில்லை.

"அந்த இடத்துக்குப் பொறுப்பானவரின் முதல் எழுத்து சார்" என்றாள். இதில் பொய் எதுவும் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"ஒவ்வொரு அபாயப் புள்ளிக்கும் ஒரு பொறுப்பாளர்!" ஆடிட்டர் பேனாவைத் திறந்தார். "இதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. எம் என்பவரை நான் சந்திக்கலாமா?"

"அவர் திருத்தணியில் இருக்கிறார்."

வீரராகவன் கண்களை மூடிக்கொண்டார்.

"ஜே?"

"பூரியில்."

"ஏ?"

"அவருக்குப் பல இடங்கள்."

ஆடிட்டரின் பேனா மெதுவாகியது. "சி?"

"இங்கேதான் சார். இன்ஸ்பெக்‌ஷனில்."

கிறிஸ்டினாவை அழைத்தார்கள். அவள் அளவுகோலைக் கையில் பிடித்தபடியே வந்தாள். ஆடிட்டர் ஐந்தாம் நம்பரின் திரையைக் காட்டி, இந்த இடத்துக்கு நீங்கள்தான் பொறுப்பா என்று கேட்டார். கிறிஸ்டினா திரையைப் பார்த்தாள். ஜோஷ்வாவைப் பார்த்தாள். ஜோஷ்வா சக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அதில் ஜாப் எதுவும் இல்லை. அவன் காதுகள் சிவந்திருந்தன. அவள் அதை அளவெடுப்பவள் போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாம் சார்," என்றாள். "இன்றையிலிருந்து."

சாயங்காலம் நடந்த முடிவுக் கூட்டத்தில் ஆடிட்டர் படித்தார். முறை பாராட்டத்தக்கது. ஆனால் பொறுப்பாளர்கள் இதே வளாகத்தில் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பெனியின் நிரந்தரப் பணியாளராக இருக்க வேண்டும். சி தகுதியானவர். மற்றவர்கள் எவரும் தகுதியானவர்கள் அல்லர். இந்த முறையை உருவாக்கியவர் யார்?

"பூமிகா" என்றார் வீரராகவன்.

"எனில் மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் அவரே பொறுப்பேற்கலாம்."

"அவர் ஒப்பந்தப் பணியாளர் சார்."

"எனில் முடியாது. குறை நீடிக்கும்." ஆடிட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் கார் வரும்வரை அறிக்கை திறந்திருக்கும்."

வீரராகவன் எழுந்து வெளியே போய் எச்.ஆருக்கு போன் செய்தார். அவர் குரல் இரண்டு கதவுகளைத் தாண்டிக் கேட்டது. கார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீல நாடா வந்தது. அட்டை அச்சடிக்க நேரம் இல்லாததால் நாடா மட்டும் வந்தது. பூமிகா அதை மாட்டிக்கொண்டு போய், எடிட்டரின் முன் உட்கார்ந்து, கடைசி வடிவத்தை எழுதினாள்: சி.பி., ஒரு கோடு, அதன் பிறகு சி என்ற எழுத்தைத் தவிர வேறு எந்த எழுத்தும். மாற்றி வைக்க வேண்டியது: தன்னுடைய பி. எல்லாவற்றையும் மாற்று என்பதில் அவள் விரல் ஒரு கணம் நின்றது. முருகன், மாதா, அங்காளம்மன், ஜெகந்நாதர். பிறகு மீஞ்சூர் பஸ்ஸை நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஷேர் ஆட்டோக்களை மேலிருந்து பார்த்தாள். அப்பா நாடாவைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல துணி என்றார்.

புதிய ப்ரோக்ராம்கள் ஓடிய முதல் நாள், தணிகைவேல் வேலையின் நடுவில் தலையைத் திருப்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தார். ஏதோ கோளாறு என்று பூமிகா எழுந்தாள். அவர் கை திருகில் இருந்தது. உதடு அசைந்தது. பிறகு திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஏழாம் நம்பரிலிருந்து பிஜய் பார்த்தான். அடுத்தடுத்து எல்லா இயந்திரங்களிலிருந்தும் பார்த்தார்கள். ஐந்தாம் நம்பர் மட்டும் இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் பார்த்தது. அங்கிருந்தும் ஒரு பார்வை திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை இயந்திரங்களுக்குக் கற்பூரம் காட்டும் தட்டு ப்ரோக்ராம் அறைக்குள்ளும் வந்தது.

"ண்ணா, கம்ப்யூட்டருக்குதான?" என்றாள் பூமிகா.

"ஆமாம்மா" என்றார் தணிகைவேல், கம்ப்யூட்டரைப் பார்க்காமல்.

அடுத்த வாரம் மூன்றாம் நம்பரில் ஒரு டூல் முனை உடைந்தது. தணிகைவேல் உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, கதவருகே நின்றார்.

"உன்ன நம்பிதானம்மா வுட்டேன். நீ பாக்கல."

"சாப்பிடப் போயிருந்தேண்ணா."

"சொல்லிட்டாவது போ. வரி வரியா ஓட்டிக்கினு இருந்துருப்பேன்ல."

அவள் மேசையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தபடி போட்டுக்கொண்டாள். டிபன் டப்பாவை அங்கேயே திறந்தாள். யாராவது பார்த்தால் தலையை அசைக்கவும் பழகிவிட்டாள்.

நீல நாடாக்காரர்களுக்கு விடுப்பு உண்டு. சித்தி பெண்ணின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் கேட்டு பூமிகா விண்ணப்பத்தோடு போனாள். வீரராகவன் அதை நிதானமாகப் படித்தார்.

"நீ லீவு போட்டா ரெண்டு நாளும் வரி வரியா ஓட்டுவானுங்கம்மா."

"எனக்கு பதிலா யாரையாவது வச்சிக்கலாம் சார்."

"யார?"

பூமிகா யோசித்தாள். கம்ப்யூட்டரில் பழைய நகல் அப்படியே இருந்தது. எல்லோரும் இருந்தார்கள்.

"ஆடிட்டருக்குத் தெரியவா போவுது, ரெண்டு நாளைக்கு அவங்களயே கூப்புடலாம் சார்" என்றாள்.

வீரராகவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் பணிப்பொறுப்பை ஒப்படைக்கும் நபர் என்ற கட்டத்தில், தன் கையாலேயே, முருகன் மற்றும் பலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.